மெஸானின் உள்ளே என்ன இருக்கிறது?

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசமும் சங்கீதமும்தான் நடக்கும். இன்று ஒரு மாறுதலுக்குப் பௌதிகம் பேசலாம் என்று செயலாளர் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார்: சமன்பாடு ஒன்றுகூட வரக்கூடாது. ஒப்புக்கொண்டேன். எண்கள் மட்டும் கொஞ்சம் வரும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எல்லோரும் உள்ளங்கையை நீட்டுங்கள். வினாடிக்கு ஏறக்குறைய ஒரு துகள் உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதற்கு மியூவான் என்று பெயர். வானவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும்போது பையான் என்ற மெஸான் பிறக்கிறது. அதன் ஆயுள் ஒரு வினாடியில் நாலு கோடியில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். அது அழிந்து மியூவானாகிறது. அந்த மியூவான்தான் நம்மைத் துளைத்துக்கொண்டு பூமிக்குள் போகிறது. ஆக, மெஸான் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத வஸ்து அல்ல. இன்றைய கேள்வி, இவ்வளவு அற்ப ஆயுள் உள்ள ஒரு துகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான்.

அணுவின் கருவில் புரோட்டான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எல்லாம் நேர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ள வேண்டும். ஆனாலும் கரு சிதறுவதில்லை. ஏன்? 1935ல் ஜப்பானின் ஹிடெகி யுகாவா ஒரு பதில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 28. கருவுக்குள் மிகக் குறுகிய தூரத்துக்கு மட்டுமே எட்டும் ஒரு பலமான விசை இருக்கிறது. அதைச் சுமந்து செல்ல ஒரு துகள் வேண்டும். அதன் நிறை எலெக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு இருக்க வேண்டும் என்றார். எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் நடுவே இருப்பதால் மெஸான் என்ற பெயர் வந்தது. 'மெஸோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் நம் 'மத்ய' என்ற சமஸ்கிருதச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை.

இந்தத் துகளைத் தேடியவர்களில் நம் நாட்டவர் இருவரை இங்கே சொல்லியாக வேண்டும். கல்கத்தா போஸ் இன்ஸ்டிட்யூட்டில் டி.எம். போஸும் அவருடைய மாணவி விபா சௌதுரியும் ஹிமாலயத்தின் உயரமான இடங்களில் புகைப்படத் தகடுகளை வைத்து, காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் பதிவு செய்தார்கள். எலெக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு கனமான துகள்களின் தடங்கள் அவற்றில் இருப்பதாக 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். யுத்த காலம், இன்னும் உயர்தரமான தகடுகள் கிடைக்கவில்லை, வேலை அதோடு நின்றது. 1947ல் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவினர் மேம்பட்ட தகடுகளைக் கொண்டு பையானை ஐயமறக் கண்டுபிடித்தார்கள். யுகாவாவுக்கு 1949லும் பவலுக்கு 1950லும் நோபல் பரிசு கிடைத்தது. விபா சௌதுரி 1949ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, 1991ல் காலமானார். 2019ல் சர்வதேச வானியல் சங்கம் ஒரு நட்சத்திரத்துக்கு 'விபா' என்று பெயரிட்டது. பெயர் வைத்தபோது அவர் இல்லை.

இனி உள்ளே போவோம். 1964ல் மரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே ஒரு கருத்தைச் சொன்னார்கள். புரோட்டான், மெஸான் எல்லாம் மூலப் பொருள்கள் அல்ல. குவார்க் என்பவற்றால் ஆனவை. புரோட்டானில் மூன்று குவார்க்குகள். மெஸானில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும். இவற்றைப் பிணைப்பவை க்ளுவான்கள்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் நிறைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உதைக்கிறது. துகள்களின் நிறையை மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்று அளப்பார்கள். சுருக்கமாக 'யூனிட்' என்று வைத்துக்கொள்வோம். புரோட்டானின் நிறை 938 யூனிட். அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் வருவது சுமார் 9 யூனிட். நூற்றில் ஒரு பங்கு! மிச்சம் 99 பங்கு எங்கிருந்து வருகிறது? குவார்க்குகளின் ஓட்டத்திலும் க்ளுவான்களிலும் அடங்கியிருக்கும் சக்தியிலிருந்து. நாம் தராசில் ஏறி நின்றால் காட்டும் எடையில் பெரும்பகுதி ஜடப்பொருளின் எடை அல்ல, சக்தியின் எடை.

அப்படியானால் இரண்டு குவார்க் கொண்ட பையானின் நிறை புரோட்டானில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 600 யூனிட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் இருப்பது 140 யூனிட்தான். ஏன் இவ்வளவு லேசு? இதற்கு விளக்கம் தந்தவர் யோய்ச்சிரோ நாம்பு. 1960ஐ ஒட்டி அவர் சொன்ன கருத்துக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்கையின் ஒரு சமச்சீர் மறைந்து நிற்கிறது. அது மறைந்ததற்கான அடையாளம்தான் பையான் என்பது அவர் கண்டது. குவார்க்குகளின் நிறை பூஜ்யமாக இருந்தால் பையானின் நிறையும் பூஜ்யமாகிவிடும். புரோட்டானின் நிறையோ அப்போதும் பெரிதாகக் குறையாது. ஒரே மாவில் செய்த இரண்டு பட்சணங்களில் ஒன்று கல்லாகவும் மற்றது பஞ்சாகவும் வந்தால் சமையலறையில் கேள்வி வராதா? அதே கேள்விதான் இது. விடை வேண்டுமானால் இரண்டையும் பிட்டு உள்ளே பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? நம் சாஸ்திரக்காரர்கள் பிரமாணங்களை வகைப்படுத்தினார்கள். கண்ணால் காண்பது பிரத்யட்சம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது அனுமானம். புரோட்டான் விஷயத்தில் பிரத்யட்சத்துக்கு வழி உண்டு. ஹைட்ரஜன் என்றாலே புரோட்டான்தான். அதை ஒரு கலத்தில் நிரப்பி, எலெக்ட்ரான்களால் அடித்து, அவை சிதறுவதை வைத்து உள்ளமைப்பை அறியலாம். பையானை எந்தக் கலத்தில் நிரப்புவது? நிரப்புவதற்குள் மறைந்துவிடுமே!

ஆகவே திருப்பிப் போட்டார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், அதிவேகப் பையான்களைத் திரவ ஹைட்ரஜனுக்குள் செலுத்தி, அதிலுள்ள எலெக்ட்ரான்களில் மோதவிட்டார்கள். 1986ல் வெளியான அந்த அளவீட்டில் பையானின் மின்னேற்ற ஆரம் சுமார் 0.66 ஃபெர்மி என்று வந்தது. ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடி கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெர்மி. ஆக, நிறையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத பையான், பருமனில் புரோட்டானுக்கு முக்கால் பங்கு இருக்கிறது. லேசான பொருள், ஆனால் சின்னப் பொருள் அல்ல.

இதற்கு மேல் நுணுக்கமாகப் போக அனுமானம், அதாவது கணக்கு வேண்டும். குவார்க்குகளுக்கான விதிகள் 1973லேயே கிடைத்துவிட்டன. அவை க்வாண்டம் க்ரோமோடைனமிக்ஸ் எனப்படும். அவ்விதிகளை எழுத அரைப் பக்கம் போதும். ஆனால் தீர்ப்பது மகா கஷ்டம். குவார்க்குகள் மிக நெருங்கி இருக்கும்போது விசை பலவீனமாக இருக்கும். விலக விலக ரப்பர் பேண்டைப் போல் இழுத்துப் பிடிக்கும். நெருக்கத்தில் காகிதமும் பேனாவும் போதும். பையானின் அளவுக்கு, அதாவது அரை ஃபெர்மி, ஒரு ஃபெர்மி தூரத்துக்கு வந்துவிட்டால் காகிதக் கணக்கு செல்லாது.

1974ல் அமெரிக்காவின் கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார். அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள இங்குள்ள தாய்மார்களுக்கு ஒரு நிமிஷம் போதும். ஏனென்றால் அது புள்ளிக் கோலம். கோலத்தில் முதலில் சம இடைவெளியில் புள்ளி வைக்கிறோம். பிறகு புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கிறோம். வில்சன், இடைவெளியில்லாமல் பரந்திருக்கும் ஆகாசத்தையும் காலத்தையும் புள்ளிகளாக்கினார். குவார்க்குகள் புள்ளிகளில் இருக்கும். க்ளுவான்கள் புள்ளிகளை இணைக்கும் கோடுகளில் இருக்கும். நம் கோலம் தரையில், இரண்டு பரிமாணத்தில். வில்சனின் கோலம் நான்கு பரிமாணத்தில்: ஆகாசத்துக்கு மூன்று, காலத்துக்கு ஒன்று. இதைத்தான் லாட்டிஸ் என்கிறார்கள்.

இந்தக் கோலம் எவ்வளவு பெரியது? ஒவ்வொரு திசையிலும் 64 புள்ளி, காலத் திசையில் 128 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இது இன்று சாதாரண அளவு. மொத்தம் 3 கோடியே 35 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு நான்கு கோடுகள். கோட்டுக்கு எட்டு எண்கள். பெருக்கினால் சுமார் 107 கோடி எண்கள். இந்த 107 கோடி எண்களும் எந்தெந்த விதமாக அமையலாமோ அத்தனை விதத்தையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். பிரபஞ்சத்தின் ஆயுள் முழுதும் கணினி ஓடினாலும் முடியாது.

அதனால் மாதிரி எடுக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே தத்துவம். ஆனால் இங்கே ஒரு சோறு போதாது. அதிக வாய்ப்புள்ள அமைப்புகளைக் கணினியே பகடை உருட்டித் தேர்ந்தெடுக்கும். நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நாலு மடங்காக்க வேண்டும். துல்லியம் மலிவாகக் கிடைப்பதில்லை.

கோலம் தயார். மெஸான் எங்கே? ஒரு புள்ளியில் குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் தோற்றுவிக்கிறார்கள். காலத் திசையில் பல படிகள் தள்ளி இன்னொரு புள்ளியில் அவற்றை அழிக்கிறார்கள். இடையிலுள்ள தொடர்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பார்க்கிறார்கள். கோயில் மணியை அடித்தால் முதலில் பல ஒலிகள் கலந்து கேட்கும். சற்று நேரத்தில் கீச்சொலிகள் அடங்கி, அடி ஸ்வரம் மட்டும் ரீங்கரிக்கும். அதுபோலத் தொடக்கத்தில் பல நிலைகள் கலந்திருக்கும். கனமானவை சீக்கிரம் தேய்ந்துவிடும். கடைசியில் எஞ்சுவது மிக லேசான நிலை. அதன் தேய்வு வேகமே பையானின் நிறை. இனி உள்ளமைப்பு வேண்டுமானால், தோற்றத்துக்கும் மறைவுக்கும் நடுவே அந்தப் பையானை ஒரு தடவை 'தட்டிப்' பார்க்க வேண்டும். தட்டுவது ஒரு போட்டான், அதாவது ஒளித்துகள், அதுவும் கணினிக்குள்தான். எவ்வளவு பலமாகத் தட்டினால் எவ்வளவு எதிரொலி என்று பார்த்தால் ஆரம் கிடைத்துவிடும். இப்படிப் போட்ட கணக்குகளில் பையானின் ஆரம் 0.65 ஃபெர்மியை ஒட்டியே வருகிறது. 1986ன் அளவீட்டோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ஆரம் என்பது வீட்டின் சுற்றளவு மாதிரி. உள்ளே யார் எந்த அறையில் என்பதுதான் சுவாரஸ்யம். வேகமாகப் போகும் பையானின் உந்தத்தைக் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் க்ளுவான்களும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன? மூல குவார்க்குகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய பாதிதான் கிடைக்கிறது. மற்றது க்ளுவான்களுக்கும், கணத்துக்குக் கணம் தோன்றி மறையும் குவார்க் ஜோடிகளுக்கும் போகிறது. இதுவரை தகராறு இல்லை. தகராறு கடைக்கோடியில் வருகிறது. ஒரே குவார்க் கிட்டத்தட்ட முழு உந்தத்தையும் எடுத்துக்கொண்டுவிட, மற்றவற்றுக்குக் கொஞ்சமே மீந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதி பாதியாகக் குறைந்தால், அப்படி நேரும் வாய்ப்பு பாதியாகுமா, கால்வாசியாகுமா?

க்வாண்டம் க்ரோமோடைனமிக்ஸ், கால்வாசி என்ற பக்கமே சாய்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் பையான்களை டங்ஸ்டன் உலோகத்தில் மோதவிட்டு 1989ல் வெளியிட்ட முடிவுகளோ பாதி என்ற பக்கம் சாய்ந்தன. விதியே தவறா, சோதனையைப் புரிந்துகொண்ட முறை தவறா? 2010ல் மூன்று விஞ்ஞானிகள், விட்டுப்போயிருந்த சில நுண்ணிய க்ளுவான் விளைவுகளைச் சேர்த்து அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். முடிவு கால்வாசிப் பக்கம் வந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்யும் முறையைப் பொறுத்து விடை மாறுகிறது என்று பின்னர் வந்தவர்கள் காட்டினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

லாட்டிஸ் கணக்கு தீர்ப்புச் சொல்லக்கூடாதா? வெகுகாலம் சொல்ல முடியாமல்தான் இருந்தது. காரணம், இந்தக் கோலத்தில் காலத்தை நிஜக் காலமாக வைக்க முடியாது. கணக்கு நடப்பதற்காக அதை இன்னொரு நீளம் போல் மாற்றிவிடுகிறார்கள். பங்கீட்டு விவரமோ ஒளியோடு ஒட்டி ஓடும் பார்வையில்தான் தெரியும். அந்தப் பார்வை இந்தக் கோலத்தில் இல்லை. ஆகவே சராசரிப் பங்கு போன்ற ஓரிரண்டு எண்கள் மட்டுமே கிடைத்துவந்தன. 2013ல் ஷியாங்டாங் ஜி என்ற இயற்பியலாளர், பையானைக் கோலத்துக்குள் வேகமாக ஓடவிட்டு, ஒரே நேரத்தில் எடுத்த படத்திலிருந்து அந்தப் பார்வையை மீட்கலாம் என்று வழி காட்டினார். அதன் பிறகே முழுப் பங்கீட்டையும் கணக்கிடும் முயற்சி சூடு பிடித்தது. ஆனால் பையான் வேகமாக ஓட ஓட இரைச்சல் கூடி, விஷயம் அதில் மூழ்கிவிடுகிறது. மேற்சொன்ன கடைக்கோடியில் தீர்ப்பளிக்கும் துல்லியம் இன்னும் வரவில்லை.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். கண்ணால் காணாததைக் கணினி சொன்னால் நம்பலாமா? அனுமானத்தில் ஹேத்வாபாஸம், அதாவது போலிக் காரணம் நுழையக்கூடாது என்று தர்க்க சாஸ்திரம் எச்சரிக்கிறது. லாட்டிஸ் கணக்கில் அது நுழையும் வாசல்கள் மூன்று. ஒன்று, புள்ளிகளின் இடைவெளி. இயற்கையில் புள்ளி கிடையாது. ஆகவே பல இடைவெளிகளில் கணக்குப் போட்டு, இடைவெளி பூஜ்யமானால் என்ன வரும் என்று பார்க்க வேண்டும். இரண்டு, பெட்டியின் அளவு. சின்னப் பெட்டியில் பையானுக்கு மூச்சு முட்டும். மூன்று, குவார்க்கின் நிறை. நிறை குறையக் குறையக் கணினிச் செலவு ஏறும். அதனால் பல ஆண்டுகள், நிஜத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கனமான பையானை வைத்துக் கணக்குப் போட்டு, அங்கிருந்து நிஜத்துக்கு இறங்கிவந்தார்கள். சென்ற பதினைந்து ஆண்டுகளாகத்தான் நிஜ நிறையிலேயே கணக்குப் போடுவது வழக்கமாகி வருகிறது. மூன்று வாசலையும் அடைத்தேன், மிச்சப் பிழை இவ்வளவு என்று எழுதாத கட்டுரையை இத்துறையில் யாரும் மதிப்பதில்லை.

நம்புவதற்கு ஆதாரமும் உண்டு. 2005ல், பாட்டம், சார்ம் என்ற இரு கனமான குவார்க் வகைகள் சேர்ந்த ஒரு மெஸானின் நிறை சுமார் 6304 யூனிட் என்று லாட்டிஸ் கணக்கு முன்கூட்டிச் சொன்னது. அதற்கடுத்து ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் அளவீடு 6287 என்று வந்தது. ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம். கணக்கில் சொன்ன பிழை வரம்புக்கு ஏறக்குறைய உள்ளேதான். 2008ல் ஓர் ஐரோப்பியக் குழு மூன்றே அளவுகளை உள்ளிட்டு, புரோட்டான் முதலான துகள்களின் நிறைகளைச் சில சதவீதப் பிழைக்குள் பெற்றது. நம் நாட்டிலும் டாடா நிலையத்தில் இத்துறை பல ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. அங்கே நீல்மணி மாத்தூரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2018ல் சார்ம், பாட்டம் குவார்க்குகள் கலந்த துகள்களின் நிறைகளைக் கணித்து வெளியிட்டார்கள். அப்போது அவற்றில் பெரும்பாலானவை எந்தச் சோதனையிலும் கண்டறியப்படாதவை. அனுமானம் முன்னே போய்ப் பாய் விரித்துவிட்டுப் பிரத்யட்சத்துக்குக் காத்திருக்கிறது என்று சொல்லலாம்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். இரண்டு சொல்கிறேன். லாட்டிஸ் கணக்குக்காக 1987ல் உருவாக்கிய 'ஹைப்ரிட் மான்டி கார்லோ' என்ற மாதிரி எடுக்கும் முறையை இன்று புள்ளியியல் துறையினர் பலவிதத் தரவு ஆராய்ச்சிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். இதே கணக்குக்கென்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வடிவமைத்த கணினிகளின் அனுபவம், ஐ.பி.எம்.மின் 'புளூ ஜீன்' சூப்பர் கம்ப்யூட்டருக்கு அடித்தளமானது. ஆனாலும் பிரயோஜனத்துக்காக மட்டும் யாரும் இதில் இறங்கவில்லை. நம் எடையில் 99 பங்கு எப்படி வந்தது என்று தெரியாமல், பதார்த்தங்களைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

பிரத்யட்சமும் சும்மா இருக்கவில்லை. செர்னில் 'ஆம்பர்' என்ற சோதனை, பையான் கற்றைகளைக் கொண்டு இந்தப் பங்கீட்டை மறுபடி அளக்கத் திட்டமிட்டிருக்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவனில் எலெக்ட்ரானையும் கருவையும் மோதவிடும் புதிய இயந்திரத்துக்கு 2020ல் இடம் தேர்வாயிற்று; 2030களில் அது இயங்கவேண்டும். புரோட்டானைச் சுற்றிக் கணநேரம் தோன்றி மறையும் பையானை எலெக்ட்ரானால் அடித்துப் படம் பிடிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதற்குள் லாட்டிஸ் கணக்கும் முதிர்ந்திருக்கும். பாதியா, கால்வாசியா என்பது அப்போது தெரியலாம்.

பின் வரிசையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்குப் பௌதிகம், கணிதம், கணினி மூன்றும் வேண்டும். மூன்றிலும் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். விபா சௌதுரிக்குத் தகடு கிடைக்கவில்லை. உங்களுக்குக் கணினி கிடைக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஒன்று எழுதிப் போடுங்கள். பெற்றோர்கள் தடுக்க வேண்டாம்.